இல்லை என்றும் சொல்லாத ஃபாதர்

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களே, போன வாரம் முழுக்க நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பி.டி. மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். கும்பிடும் கைகள், மாலை போட்ட படம், மெழுகுவர்த்தி என்று ஆளாளுக்கு அனுப்பித் தள்ளினீர்கள். 'தந்தைக்குச் சமமானவர்' என்று ஒருவர். 'அவர் கையால் அடி வாங்கியவன் யாரும் கெட்டுப்போகவில்லை' என்று இன்னொருவர். மாஸ்டர் யாரையும் அடித்ததே இல்லை என்பது அந்த இன்னொருவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. 'நம்ம ரேடியோ ஏன் சைலண்ட்?' என்று நம் வகுப்பு லீடர் கேட்டிருந்தார். வழுக்கை விழுந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் உங்களுக்கு நான் ரேடியோதான். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் மறுபடியும் மெழுகுவர்த்தி அனுப்பப் போகலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் லேசில் நம்புகிறவன் அல்ல. பால்காரர் ஊற்றினால் நுரையை ஊதிவிட்டு அளவு பார்ப்பேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை எதற்கு என்று மருந்துக் கடைக்காரரிடமும் ஒரு தடவை கேட்பேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். அது எனக்கு எந்த வருஷம், எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீங்கள் எல்லாரும் மைதானம், சர்ச்சு மணி என்று உருகுகிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மூக்குதான். காலையில் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வரும்போது ஒன்றும் தெரியாது. மத்தியானம் காற்று திரும்பும். மதிலுக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்தை நம் ஊரில் வேறு எப்படிச் சொல்லியிருக்கிறோம்? சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோலின் நாற்றம் ஐந்தாவது பீரியடில் சரியாக வகுப்புக்குள் நுழையும். வெளியூர் வாத்தியார்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். நமக்கு அது நாற்றமாகவே தெரிந்ததில்லை. சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் வருகிற அதே வாசனைதானே.

அந்த வருஷம் ஜூன் மாதம் புதுத் தலைமையாசிரியராக ஃபாதர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக, வாசலில் குனிந்து வருகிறவர். ஊரெல்லாம் ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற நம் ஊரில் அவர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளை அங்கியின் கீழ் ஓரம் எப்போதும் செம்மண் பட்டு இருக்கும். நம்மிடம் புத்தகத் தமிழில் பேசுவார். நாம் 'இன்னா சார்' என்றால் அவருக்குப் புரிவதற்கு ஒரு நொடி ஆகும். சிரிக்க மாட்டார். கையில் பிரம்பு இருக்கும்.

பி.டி. மாஸ்டர் அப்படியே எதிர்ப்பக்கம். நம் ஊர்க்காரர், நம் பேச்சு. தோளில் கை போடுவார். 'இன்னாடா, எங்க கீற, கண்ணுலயே படல' என்பார். கழுத்தில் விசில், வாயில் ஏலக்காய். அவரிடம் எதையும் சொல்லலாம் என்று நாம் நினைத்தோம். சொன்னோம்.

வெள்ளிக்கிழமை நம் பள்ளிக்கூடம் எப்படி மூன்றாகப் பிரியும் என்பது ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டரை மணி அடித்ததும் உங்களில் பாதிப் பேர் பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவீர்கள். இந்துப் பையன்கள் மைதானத்தில் மாஸ்டரோடு வாலிபால். மாதத்தின் முதல் வெள்ளியன்று கத்தோலிக்கப் பையன்கள் கோவிலுக்குள் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நிற்க வேண்டும். நம் பிரிவில் கத்தோலிக்கன் நான் ஒருவன்தான். பங்குச் சாமியார் கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போய்விடுவார். அதனால் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து பாவம் கேட்பவரும் நம் ஃபாதர்தான். பிரம்பு வைத்திருக்கிறவரையே பாவமும் கேட்க வைத்தது பெரியவர்கள் செய்த தப்பு என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. முதல் வெள்ளியில் நமக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அன்று வாத்தியார்கள் கூட்டம் என்பதால் கடைசி பீரியட் இருக்காது.

ஜூலையில் ஆரம்பித்தது. நம் பிரிவில் சிலர் மத்தியான சினிமா பார்க்கச் சுவரேறிப் போனார்கள். முதல் வெள்ளி முடிந்த திங்கட்கிழமை, அசெம்பிளியில் ஃபாதர் அவர்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகஸ்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பீடி. மறுபடியும் முதல் வெள்ளி, மறுபடியும் திங்கள், மறுபடியும் பிரம்பு. செப்டம்பரில் லேப் சுவரில் கணக்கு வாத்தியாரைக் கரியால் வரைந்தவனைக்கூட ஃபாதர் நேராகப் பார்த்துக் கைநீட்டச் சொன்னார்.

லீடர்தான் கணக்குப் போட்டார். தோல் வியாபாரி வீட்டுப் பிள்ளை, வகுப்பில் கட்டுமஸ்தான ஆள், அவர் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவீர்கள்.

"நாம ஜும்மாவுக்குப் போறோம். இவனுங்க பால் ஆடுறானுங்க. இவன் ஒருத்தன் மட்டும் உள்ள போய் மண்டி போட்டு இன்னாவோ முணுமுணுக்கிறான். திங்கக்கிழம நமக்கு அடி விழுது. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"பாவசங்கீர்த்தனத்துல அவன் பாவத்ததான் சொல்லணும்டா, நம்ம பாவத்த எதுக்குச் சொல்றான்?" என்று யாரோ கேட்டான்.

"கூட நின்னு பாத்தேன்னு சொல்லுவான். அதுவும் பாவந்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நான் ரேடியோ ஆகிவிட்டேன். பனைமரத்துக்குக் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று என் அம்மா அடிக்கடி சொல்லுவாள். நான் மரத்தடியில் நிற்கக்கூட இல்லை. மாதாமாதம் நான் உள்ளே போய்ச் சொன்னதெல்லாம் தம்பியை அடித்தது, அம்மா உப்புக்கண்டம் காயப்போட்டதில் இரண்டைத் தின்றது, பூசையில் தூங்கியது. அவ்வளவுதான். இதை அன்றைக்கும் சொன்னேன். யார் நம்பினீர்கள்?

ஒருவன் நம்பினான். என் பெஞ்சுக்காரன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷாப்பில் வேலை. வீட்டில் உருது, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என் அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்காக மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருப்பான். வெள்ளிக்கிழமை அவன் டப்பாவில் குஸ்கா இருக்கும். ஜும்மாவிலிருந்து திரும்பி வரும் வரை அதைத் திறக்காமல் வைத்திருந்து என்னோடுதான் சாப்பிடுவான். ஒரே காம்பஸ் பாக்ஸ், ஒரே மசிக்கூடு. அதன் மூடி யாரிடம் இருக்கிறது என்று இருவருக்கும் எப்போதும் சண்டை.

"வுடுடா தோஸ்த். அவனுங்களுக்கு பேஜார் புடிச்சிருக்குது" என்பான். "உள்ள இன்னாதான்டா கேப்பாரு?"

"ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் சொல்லுவேன். வேறன்னுவாரு. வேற இல்லன்னா ஜெபம் சொல்லச் சொல்லுவாரு."

"அவ்ளோதானா?" அவனுக்கு ஏமாற்றம். உள்ளே ஏதோ பெரிய விசாரணை நடப்பதாக அவன் நினைத்திருந்தான்.

அக்டோபரில் அவனும் என்னை விட்டுப் போனான். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகாமல் சைக்கிள் கடையில் உட்கார்ந்து கிரிக்கெட் கமெண்டரி கேட்டுவிட்டு வந்தான். என்னிடம் மட்டும் சொன்னான், காதோடு. அவன் அப்பா தொழுகை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அடுத்து வந்தது முதல் வெள்ளி. நான் வழக்கம்போல உள்ளே போய் வந்தேன். திங்கட்கிழமை ஃபாதர் அவன் அப்பாவை ஷாப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். வேலையைப் போட்டது போட்டபடி ஈரக் கையோடு வந்த அவர், வராண்டாவில் எல்லார் முன்னாலும் அவனை அறைந்தார். பையன் அழவில்லை. வகுப்புக்குள் வந்தான், என்னைப் பார்த்தான்.

"உன்கிட்ட மட்டுந்தான்டா சொன்னேன்" என்றான்.

"அல்லா மேல சத்தியமா நான் சொல்லல."

"உன் சாமி மேல பண்ணு. எங்க சாமிய எதுக்கு இழுக்குற?"

பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். காம்பஸ் பாக்ஸை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த பெஞ்சில் நான் மட்டும்தான். நீங்கள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தாங்கியிருப்பேன். அது தாங்க முடியவில்லை. அவன் திரும்பி வர வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா நியாயம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"மெய்யாலும் நீ உள்ள எதுனா சொல்லலயே?"

"இல்லப்பா."

"அவன் அப்பா கூடத்தான் நான் தெனம் வேல செய்யணும். இன்னிக்கு என் மூஞ்சியப் பாக்கல. சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடு."

பெற்ற அப்பனே நம்பாதபோது உங்களை நான் என்ன குறை சொல்வது?

மறுநாள் இடைவேளையில் ஃபாதர் அறைக்குப் போனேன். மேசையில் ஒரு ஃப்ளாஸ்க், பாதி உரித்த ஆரஞ்சு, சுவரில் பிரம்பு. தோத்திரம் சொல்லிவிட்டு நின்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். வகுப்புக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"என்ன வார்த்தை?"

"நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலன்னு."

ஃபாதர் ஆரஞ்சுச் சுளையைக் கீழே வைத்தார். "அதைச் சொல்ல முடியாது."

"ஏன் ஃபாதர்? நெசந்தானே அது? நான் சொல்லலதானே?"

"கூண்டுக்குள் கேட்டதைப் பற்றி வெளியே நான் எதுவும் பேசக்கூடாது. இப்போது உன்னிடம்கூட."

"கேட்டத சொல்ல வாணாம். கேக்காதத கேக்கலன்னு சொல்லுங்க. இல்லன்னு ஒரு வார்த்த."

"இல்லை என்றும் சொல்லக்கூடாது தம்பி" என்றார். "இன்றைக்கு உனக்காக இல்லை என்று சொன்னால், நாளைக்கு வேறொருவன் வந்து இதே கேள்வியைக் கேட்பான். அவனுக்கு நான் சும்மா இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் ஆகும்?"

எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படிப் புரியும்? ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன், உயிரே போனாலும் குருவானவர் வாய் திறக்கக்கூடாது என்று. வாளோடு வருகிற ராஜாவுக்கு முன்னால் திறக்கக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அழுதுகொண்டு நிற்கிற ஒரு பையனுக்கு முன்னாலும் திறக்கக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும், அதனால்தான் இந்த ஆள் நழுவுகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றைக்குத்தான் என் வியாதி ஆரம்பித்தது.

லீடர் ஒரு வழி சொன்னார். நவம்பர் பிறந்து, தீபாவளி முடிந்திருந்தது. "இந்த மொத வெள்ளி உள்ள போய், மாதா செல இருக்குற கெபிக்குப் பின்னால மண்ணுல பட்டாசு பொதச்சு வெச்சுருக்கோம், ஆண்டு விழா அன்னிக்கு கொளுத்தப் போறோம்னு சொல்லு. அங்க ஒண்ணும் கெடையாது. திங்கக்கிழம யாராச்சும் போய்த் தோண்டுனா ஃபாதர் வெளிய சொல்றாரு. தோண்டலன்னா நீயும் கிளீன், அவரும் கிளீன். உன் தோஸ்த் திரும்பி வந்து உக்காருவான். இன்னாடா?" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

கடைசி பெஞ்சு தலையை ஆட்டியது. அதைப் பார்த்தேன். அந்தத் தலையாட்டலுக்காக நான் நரகத்துக்கே போயிருப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்வது என்றால் எங்களுக்கு அதுதான் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று உள்ளே போனேன். கூண்டுக்குள் பழைய மரத்தின் வாசனை, வார்னிஷ், ஃபாதரின் இருமல். வலைக்கு அந்தப் பக்கம் காது மட்டும் தெரிந்தது. தம்பியை அடித்தேன் என்றேன். பிறகு பட்டாசைச் சொன்னேன். மாதா சிலைக்குப் பின்னால் இடப்பக்கம், ரோஜாச் செடிக்கடியில் என்றுகூடச் சொன்னேன். பொய்க்கு அடையாளம் சேர்த்தால் பலம் கூடும் என்று தெரிந்திருந்தது.

ஃபாதர் ஒரு தடவை இருமினார்.

"வேறு?" என்றார்.

"வேற இல்ல சாமி."

திங்கட்கிழமை அசெம்பிளி முடியும்போது மாதா கெபிக்குப் பின்னால் பி.டி. மாஸ்டர் கையில் கடப்பாரையோடு நின்றார். பியூன் மண்வெட்டியால் ரோஜாச் செடியை வேரோடு பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்கம்தான். ஒரு பிய்ந்த செருப்பு வந்தது, ஒரு வாலிபால் பிளாடர் வந்தது. பட்டாசு வரவில்லை. நீங்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஃபாதரின் அறையைப் பார்த்தீர்கள். லீடர் மெதுவாகக் கைதட்டினார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். நீங்கள் வகுப்புக்குப் போன பிறகு நான் அங்கேயே நின்றேன். ஃபாதர் வந்தார். பறித்துப் போட்ட செடியைப் பார்த்தார்.

"யார் தோண்டச் சொன்னது?" என்று மாஸ்டரிடம் கேட்டார்.

"பசங்க எதையோ பொதச்சு வெச்சுருக்காங்கன்னு கேள்விப்பட்டேன் ஃபாதர்" என்றார் மாஸ்டர்.

"என்னிடம் கேட்காமலா?"

மாஸ்டர் சிரித்தார். ஃபாதர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அங்கி மண்ணில் உரசிக்கொண்டு போனது. நான் இதையெல்லாம் காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நன்றாக நடிக்கிறார் என்று தோன்றியது.

பெஞ்சுக்காரன் திரும்பி வரவில்லை. ஏன் வருவான்? நான் சொன்னால் ஃபாதர் வெளியே சொல்கிறார் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. ஆக கிரிக்கெட் விஷயத்தையும் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்தினேன். டிசம்பர், ஜனவரி, தவக்காலம், எல்லாம் போனது. முதல் வெள்ளிகளில் வரிசையில் நான் இல்லாததை ஃபாதர் பார்த்திருப்பார். ஒருமுறை சைக்கிள் ஸ்டாண்டில் எதிரே வந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று பயந்தேன். "சாப்பிட்டாயா?" என்றார். பதில் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பரீட்சை வந்தது. போட்டோ எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். பெஞ்சுக்காரன் சவுதிக்குப் போய் வந்து, இப்போது ராணிப்பேட்டையில் மகனோடு இருக்கிறான். நம் குழுவில் தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறான். எனக்கென்று தனியாக ஒரு வரி எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை.

சரி, இப்போது ஏன் இதையெல்லாம் கிளறுகிறேன்? போன வாரம் லீடர் போட்ட குரல் பதிவுதான் காரணம். மாஸ்டரின் பெருமையைச் சொல்லிப் பேசியிருந்தார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் ஏழெட்டு தடவை கேட்டேன். ஒரு இடத்தில் அவர் சொல்கிறார்:

"மாஸ்டர்கிட்ட நான் எதையும் மறச்சதில்லபா. சினிமா, பீடி, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிஞ்சு வந்தா, எல்லாரும் வந்தாங்களாடான்னு கேப்பாரு. நம்ம ஆளு ஒருத்தன் சைக்கிள் கடையில கமெண்டரி கேட்டுக்கிட்டிருந்தத வழியில பாத்தேன்ல, அதக்கூட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பட்டாசுப் பொறி வெக்கிறதக்கூட மொதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். அவருதான்டா ஐடியா சூப்பர்னாரு. அப்பா மாதிரிபா அவரு."

அதற்குக் கீழே நீங்கள் முப்பது பேர் அழுகிற முகம் போட்டிருக்கிறீர்கள். ஒருவருக்காவது உறைத்ததா? முதல் வெள்ளி சாயங்காலம் வாத்தியார்கள் கூட்டம். மாதம் முழுக்க நாம் ஏலக்காய் வாசனைக்கு முன்னால் கொட்டியதையெல்லாம் மாஸ்டர் அந்தக் கூட்டத்தில்தான் எடுத்து வைத்திருக்கிறார். ஃபாதருக்கு வந்ததெல்லாம் அந்த வழியில்தான். நாம் மட்டும் மரக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டாசுப் பொறி வைக்கிறோம் என்று தெரிந்ததும் மாஸ்டர் யோசித்திருக்கிறார். திங்கட்கிழமை யாரும் தோண்டாவிட்டால் ஃபாதர் மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடும், அப்புறம் பையன்கள் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவரே கடப்பாரையை எடுத்தார். ஃபாதர் தோண்டச் சொன்னார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமே சொல்லிக்கொண்டோம். வேலியே பயிரை மேய்ந்தது, நாம் வேலிக்கு மாலை போட்டோம்.

லீடரே, உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, நிறையவே உண்டு. ஆனால் நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்பதை நம்புகிறேன். நான் ஒருவரை நம்புகிறேன் என்று எழுதுவது அபூர்வம், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாதர் இன்னும் இருக்கிறார். ஏலகிரி அடிவாரத்துக்குப் பக்கத்தில் வயதான குருக்கள் தங்கும் இல்லத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேற்று பஸ் பிடித்துப் போனேன். வராண்டாவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த உயரம் எங்கே போனதோ தெரியவில்லை. கால்களில் அதே மாதிரி ரப்பர் செருப்பு. தோத்திரம் சொல்லி, எந்த ஊர், எந்த வருஷம் என்றேன். தலையாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆட்டுவார் என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர், லீடர், கூட்டம், கடப்பாரை. ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாஸ்டர் இறந்துவிட்டார் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நன்றாக வாலிபால் சொல்லித் தருவார்" என்றார்.

"ஃபாதர், நீங்க யார்கிட்டயும் சொல்லலன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்றேன். "அன்னிக்கு நான் உங்கள நம்பல. இத்தன வருஷம் நம்பல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அவர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எந்தக் கூண்டைப் பற்றி, எந்தப் பட்டாசைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். மறந்துவிட்டாரா, மறந்தமாதிரி இருக்கிறாரா? இந்த வயதிலும் என் புத்தி அப்படித்தான் போனது. ஒரு சிஸ்டர் வந்து சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்றார். நான் எழுந்து அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் என் கையை விடவில்லை.

"உன் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தானே" என்றார். "கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். வராண்டாவில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன், வந்துவிட்டானா, வந்துவிட்டானா என்று. அந்த வருஷம் முழுக்கப் பார்த்தேன். அப்புறம் என்னை மாற்றிவிட்டார்கள். அவன் திரும்பி வந்தானா?"

"இல்ல ஃபாதர்" என்றேன்.

அவர் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "கேட்டுச் சொல்" என்றார்.

தோஸ்த், வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். அவர் கேட்பார். நான் என்ன சொல்லட்டும்?